அடி வாங்கத் தெரிந்தவன்

1

என் மகள் என் தம்பியின் கன்னத்தில் அறைந்தபோது சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை பின்னேரம், லண்டன் வால்தம்ஸ்டோவில் ஒரு பழைய அரங்கின் வாசல் மண்டபத்தில் இது நடந்தது. தம்பி குகன் அவுஸ்திரேலியாவில் தொலைக்காட்சி நகைச்சுவை நடிகன். பதினொரு வருடம் வாரந்தோறும் அடி வாங்கியே அங்கே பெயர் எடுத்தவன். ஆகவே ஒரு பெண் வந்து அவனை அறைந்ததையும், அவன் இரண்டு காலும் மேலே போக மல்லாக்க விழுந்ததையும் நிகழ்ச்சியின் மிச்சம் என்றுதான் சனம் நினைத்தது. ஒருவர் போனைத் தூக்கிப் படம் எடுத்தார். இன்னொருவர், தான் சரியாகப் பார்க்கவில்லை, இன்னொரு தடவை செய்ய முடியுமா என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

ஆரணி பகிடிக்கு அறையவில்லை. அவளுக்கு இருபத்தாறு வயது. அவள் ஒருவர் மேலும் கை நீட்டி நான் கண்டதில்லை. அடித்த கையை மற்றக் கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவள் அறைந்திருக்க வேண்டிய ஆள் பக்கத்திலேயே அவளுடைய கோட்டை வைத்துக்கொண்டு நின்றான். அது நான்.

இந்தப் பத்திரிகையை ஊரில் வாசிக்கிற உங்களில் சிலருக்கு என்னைத் தெரியும். முகாமில் அடி வாங்கிக் காது போன லண்டன் சிவநேசன் என்றால் இன்னும் கொஞ்சம் பேருக்குத் தெரியும். ஊர்ச் சங்கத்தின் ஆண்டு மலரில் என் படத்தைப் போட்டு அப்படித்தான் எழுதினார்கள். நான் அதை மறுக்கவில்லை. நாலு பிரதி கேட்டு வாங்கி வைத்தேன். இன்றைக்கு அதைத் திருத்த எழுதுகிறேன். பெயரை மாற்ற வேண்டாம் என்று ஆசிரியரிடமும் சொல்லிவிட்டேன்.

2

பிளேஸ்டோவில் ஒரு பெற்றோல் ஷெட்டில் பத்தொன்பது வருடமாக நிற்கிறேன். காலை ஆறு மணி ஷிப்ட். செவன் கிங்ஸில் இருந்து கார் ஓடிப் போய்க் கதவைத் திறந்தால், பின்னேரம் இரண்டு மணி வரைக்கும் இந்த நகரத்தின் கோபம் முழுவதும் என் கவுன்டருக்கு வந்து போகும். சிகரெட் கேட்டவனிடம் வயதுக்கு அத்தாட்சி கேட்டதற்கு முகத்தில் குத்து வாங்கியிருக்கிறேன். கார் கழுவும் மெஷின் பாதியில் நின்றுபோனதற்கு ஒரு பெண்மணி கோப்பியை என் நெஞ்சில் ஊற்றினாள். அது அப்போதுதான் போட்ட கோப்பி.

போன வருடம் ஒருவன் கவுன்டருக்கு மேலால் பாய்ந்து என் தலையின் இடப் பக்கத்தில் வைன் போத்தலால் அடித்தான். போத்தல் உடையவில்லை, தலை உடைந்தது. ஆறு தையல். பொலிஸ்காரப் பிள்ளை ஒருத்தி வந்து படிவம் நிரப்பினாள். இடது காது கேட்கிறதா என்று கேட்டாள். "அது முதலே கேளாத காது" என்றேன். ஏற்கனவே உள்ள குறைபாடு என்ற கட்டத்தில் சரி போட்டுக்கொண்டு, எனக்கு வசதியாக வலப் பக்கம் மாறி நின்றாள். உண்மையில் அந்த வேளையில் அவள் கதைத்தது முழுவதும் எனக்கு இடது காதால்தான் வந்தது. விழுந்தபோது தட்டில் மோதி வெடித்த வலது காதை அம்புலன்ஸ்காரன் பஞ்சால் பொத்தி வைத்திருந்தான்.

என் இரண்டு காதும் நன்றாகக் கேட்கும். இதை எழுத்தில் போடுவது இதுதான் முதல் தடவை. குறைபாட்டுக்கென்று அரசாங்கத்திடம் ஒரு பெனிபிட் காசும் எடுக்கவில்லை என்பதை மட்டும் சொல்லிக்கொள்கிறேன். அதைச் சொல்லி ஆறுதல்படுகிற நிலைமையில் இருக்கிறேன் என்று நினைத்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது.

3

அப்போது எனக்கு இருபத்தொரு வயது, குகனுக்குப் பத்தொன்பது. ஒரு மத்தியானம். நான் சைக்கிள் மிதிக்க அவன் முன் பாரில் இருந்தான். பள்ளிக்கூடம் ஒன்றை முகாமாக்கி வைத்திருந்தவர்கள் எங்களை மறித்தார்கள். எந்தப் பக்கத்தார் என்று எழுதவில்லை. எழுதினால் ஒரு பகுதியார் கை கொடுப்பீர்கள், மற்றப் பகுதியார் திட்டுவீர்கள், நடந்ததை ஒருவரும் வாசிக்கமாட்டீர்கள்.

சைக்கிள் சீற்றுக்குக் கீழே துணியில் சுற்றி இரண்டு பற்றரி வைத்திருந்தேன். ரேடியோவுக்கு. அந்த நாளில் பற்றரி கொண்டுபோவது உயிர் போகிற குற்றம் என்று இளம் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. பற்றரி யாருடையது என்று கேட்டார்கள். இரண்டு பேரும் பேசாமல் நின்றோம். என்னுடையது என்று குகனுக்குத் தெரியும்.

அவர்களில் பெரியவன் மேசையில் பார்சல் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தான். எழும்பவில்லை. சுவரில் சாத்தியிருந்த பனை மட்டை ஒன்றைக் கண்ணால் காட்டினான். "எடு. தம்பி சொல்லுமட்டும் நீ அடி" என்றான்.

முதல் அடியை மெல்லமாக அடித்தேன். மட்டை படுவதற்கு முன்னமே குகன் "ஐயோ அம்மா" என்று குழறிக்கொண்டு விழுந்து மூன்று தரம் உருண்டான். நான் பயந்துபோனேன். இரண்டாவது அடிக்கும் அப்படியே விழுந்தபோதுதான் விளங்கியது, எனக்காக நடிக்கிறான். நான் பலமாக அடிக்கத் தேவையில்லாமல் பலத்த அடி வாங்குகிறான். ஒவ்வொரு அடிக்கும் ஒவ்வொரு விதமான விழுகை. காலை இழுத்துக்கொண்டு ஒன்று, தூணில் முட்டி ஒன்று. நின்றவர்களில் ஒருவன் சிரித்தான். பிறகு ஐந்து பேரும் சிரித்தார்கள்.

பெரியவன் சிரிக்கவில்லை. சோற்றுக் கையோடு எழும்பி வந்தான். இடது கையால் துவக்கை எடுத்து என் நெற்றியில் வைத்தான். இன்னொரு நடிப்புக் கண்டால் இரண்டு பேரும் இங்கேதான் என்றான்.

அதன் பிறகு நான் அடித்தது அடி. பனை மட்டையின் இரண்டு ஓரமும் கருக்கு, வாள் பல் மாதிரி இருக்கும். அது முதுகுத் தோலைக் கிழித்தது. முதுகில், தோளில், காலில் அடித்தேன். குகன் குழறுவதை நிறுத்திவிட்டான். சேர்ட் கிழிந்து இரத்தத்தில் ஒட்டியது. மட்டையின் கருக்கு என் உள்ளங்கையையும் கிழித்தது, நான் அதைப் பிறகுதான் கண்டேன். எத்தனை அடி என்று தெரியாது. பற்றரி யாருடையது என்று அவன் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. "என்ர" என்ற ஒரு சொல்லோடு நின்றிருக்கும். சொன்னால் என்னைச் சுடுவார்கள் என்று நினைத்துத்தான் நான் வாய் திறக்கவில்லை. அவன் வாய் திறக்காததற்கும் அதே காரணம்தான். ஆனால் மட்டை என் கையில் இருந்தது.

பெரியவன் கை கழுவிவிட்டு வந்து "போதும்" என்றான். சைக்கிளையும் பற்றரியையும் வைத்துக்கொண்டு எங்களைப் போகவிட்டார்கள். தம்பியைத் தோளில் போட்டுக்கொண்டு மூன்று மைல் நடந்தேன். அவனுடைய இடது காதில் இருந்து வடிந்த இரத்தம் என் கழுத்தால் இறங்கியது. டொக்டர் இல்லாத காலம், மருந்து இல்லாத காலம். மாதக்கணக்கில் சீழ் வைத்து அந்தக் காது ஒரேயடியாகப் போய்விட்டது.

4

அடுத்த வருடம் நான் லண்டன் வந்து சேர்ந்தேன். ஓர் அறைக்குள் ஏழு பேர். எங்களுக்கு அகதிக் கேஸ் எழுதித் தந்தவரை மாஸ்டர் என்று கூப்பிடுவோம். ஊரில் கணக்குப் படிப்பித்தவர். அவரிடம் நடந்ததை நடந்தபடியே சொன்னேன். பாதியில் பேனையை மூடி வைத்தார்.

"தம்பி, இது நீர் அடிச்ச கேஸ். அடிச்சவனுக்கு வெள்ளைக்காரங்கள் இடம் குடுக்கமாட்டாங்கள். அவங்களோட சேர்ந்து நிண்டவன் எண்டு எழுதித் திருப்பி அனுப்பிப்போடுவாங்கள்."

"நெத்தியில துவக்கை வைச்சவங்கள் மாஸ்டர்."

"அது உமக்குத் தெரியும், எனக்குத் தெரியும். பைலுக்குத் தெரியுமோ? ஆளை மட்டும் மாத்துவம். மிச்சமெல்லாம் உண்மைதானே."

அப்படித்தான் நான் அடி வாங்கினவன் ஆனேன். குகனின் காது என் காதானது. மாஸ்டர் இன்னொன்றும் சொல்லித்தான் அனுப்பினார். "ஒருக்கால் சொன்ன கேஸைச் செத்தாலும் மாத்தக் கூடாது. நாளைக்குக் கலியாணம் கட்டினால் மனுசிக்கும் இதுதான் கதை. பிள்ளையளுக்கும் இதுதான். உண்மையைச் சொன்னால் பிள்ளையள் பள்ளிக்கூடத்தில போய்ச் சொல்லிப்போடுவினம்."

இது என் ஒருவனுடைய கூத்தில்லை. எங்கள் ஆட்களில் கொஞ்சப் பேர் வீட்டுக்குள்ளும் கேஸோடுதான் சீவிக்கிறோம். கேஸில் எழுதிய தேதிக்குத்தான் பிறந்தநாள் கேக் வெட்டுகிறோம். எனக்குத் தெரிந்த ஒருவர் தன்னுடைய சொந்த அக்காவை இன்றைக்கும் மச்சாள் என்றுதான் கூப்பிடுகிறார். அக்காவின் பிள்ளைகள் அதை நம்பிக்கொண்டு வளர்ந்துவிட்டார்கள்.

இன்டர்வியூவில் எனக்கு எதிரே இருந்தது ஒரு வயதான வெள்ளைக்கார அம்மா. மட்டை எப்படி இருந்தது, தோல் எப்படிக் கிழிந்தது, இரத்தம் எந்தப் பக்கம் வடிந்தது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். நான் ஒன்றுவிடாமல் சொன்னேன். எல்லாம் எனக்கு வடிவாகத் தெரியும், நின்று பார்த்தவன். மொழிபெயர்த்தவரின் குரல் இடையில் உடைந்தது. அந்த அம்மா கண் துடைக்கிற ரிஷ்யூப் பெட்டியை என் பக்கம் தள்ளினார். நான் அழுதேன். அந்த அழுகை உண்மை.

பிறகு வதனி வந்தாள். கலியாணத்தன்றே அவளுக்குக் காதுக் கதையைச் சொன்னேன். என் வலப் பக்கம் படுத்தாள். ஆரணி பிறந்தாள். நாலு வயதில் அவளுக்கு ஒரு விளையாட்டு இருந்தது. பின்னால் வந்து என் இடது காதில் வாயை வைத்து "அப்பாவிலதான் எனக்குக் கனக்க விருப்பம்" என்று குசுகுசுப்பாள். பிறகு முன்னால் ஓடி வந்து, கேட்டதா என்று என் முகத்தைப் பார்ப்பாள். நான் பேப்பரைப் பார்த்துக்கொண்டிருப்பேன். "பாவம் அப்பா" என்று சொல்லிவிட்டுப் போவாள்.

அவள் வளர்ந்து, காது கேட்கும் திறனைச் சோதிக்கிற படிப்பைப் படித்தாள். ஏன் அந்தப் படிப்பு என்று யார் கேட்டாலும் என்னைக் காட்டுவாள். இப்போது ஒரு கிளினிக்கில் வேலை. படிக்கிற காலத்தில் ஒரு நாள் சின்ன மெஷின் ஒன்றைக் கொண்டு வந்து, குசினி மேசையில் வைத்து, என் தலையில் ஹெட்போனை மாட்டினாள். சத்தம் கேட்டால் பொத்தானை அமத்த வேண்டும். இடது காதில் கேட்ட ஒன்றுக்கும் நான் அமத்தவில்லை. கடைசியாக இரண்டு காதிலும் ஒரே நேரத்தில் எதையோ விட்டுப் பார்த்தாள். கனநேரம் மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சரி அப்பா. முடிஞ்சுது" என்றாள். ஹெட்போனைக் கழற்றிவிட்டு என் நெற்றியில் கொஞ்சினாள்.

அடுத்த மாதம் மனநல ஆலோசனைக்கு என்று எனக்கு இடம் எடுத்துத் தந்தாள். எட்டுக் கிழமை போனேன். ஒரு நல்ல பெடியன், என் கதையைக் கேட்டு என்னை விடக் கூடுதலாக அழுதான். மகள் ஏன் என்னை அங்கே அனுப்பினாள் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

5

குகனை மாமா ஒருவர் ஸ்பொன்சர் செய்து மெல்பனுக்கு எடுத்தார். முதல் வேலை இறைச்சித் தொழிற்சாலையில், தொங்குகிற மாட்டைப் பிளக்கிற இடத்தில். வியாழக்கிழமைகளில் ஒரு மதுக்கடையில் யாரும் மேடை ஏறிப் பகிடி சொல்லலாம். கூட வேலை செய்த ஒருவன் இவனைக் கொண்டுபோய் ஏற்றிவிட்டான். ஐந்து நிமிடம் ஒருவரும் சிரிக்கவில்லை. குடிவெறியில் இருந்த ஒருவன் பியர்க் கிளாஸைத் தூக்கி எறிந்தான். அது வந்து சேருவதற்கு முன் குகன் விழுந்தான். விழுந்து உருண்டு மைக்கையும் இழுத்துக்கொண்டு மேடைக்குக் கீழே போனான். கிளாஸ் சுவரில் சிதறியது. சனம் கதிரையில் இருந்து எழும்பிச் சிரித்தது என்று எனக்குப் போனில் சொன்னான். அடுத்த வியாழன் எல்லோரும் கிளாஸோடு வந்தார்களாம்.

இரண்டு வருடத்தில் தொலைக்காட்சி. ஒரு குடும்ப நாடகத் தொடரில் பக்கத்து வீட்டுக்காரன். வாரம் ஒரு அடி, அதுதான் அவனுடைய பாத்திரம். கதவால் அடி, ஏணியால் அடி, கிரிக்கெட் மட்டையால் அடி, ஒருமுறை உறைந்த மீனால். மீன் உண்மையான மீன், இரண்டு பல் போனது. அடிக்கு முன்னால் அவனுக்கென்று ஒரு வாடிக்கை உண்டு. எந்தப் பக்கம் கூப்பிட்டாலும் வலப் பக்கம் திரும்பி "ஆ?" என்பான். அதற்குள் இடப் பக்கத்தில் இருந்து அடி வந்துவிடும். அந்த "ஆ?" அந்த நாட்டில் பிள்ளைகளின் சட்டையில் எல்லாம் அச்சாகியது. அவனுக்கு இடப் பக்கம் கேளாது என்று தயாரிப்பாளருக்கே தெரியாது.

கடைத்தெருவில் ஆட்கள் வந்து சும்மா குத்துவார்கள். குத்திவிட்டுப் படம் எடுப்பார்கள். ஒரு தகப்பன், பிள்ளையின் பிறந்தநாளுக்கென்று ஆசையோடு குத்தியதில் விலா எலும்பு வெடித்தது. "நல்ல அடி" என்று கைகொடுத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனான். எங்கள் ஆட்கள் அங்கே கூட்டம் போட்டுக் கண்டித்தார்கள். தமிழன் என்றால் அடி வாங்கப் பிறந்தவன் என்று காட்டுகிறானாம். அதில் ஒரு அண்ணர் அவன் முகத்தில் துப்பினார். அதற்கும் விழுந்தானா என்று கேட்டேன். "துப்பலுக்கு விழ ஏலாது அண்ணை, எடை காணாது" என்றான்.

பிறகு பெரிய வேடங்கள் வந்தன. ஒரு பொலிஸ் தொடரில் கைதியைக் கன்னத்தில் அறைகிற அதிகாரி. பதினாலு தடவை எடுத்தும் அவனால் அறைய முடியவில்லை. கை பாதியில் நின்றுவிடுமாம். கடைசியில் வேறு ஒருவனுடைய கையைக் கிட்டத்தில் வைத்துப் படம் பிடித்தார்கள். அந்த வேடத்துக்குத்தான் அவனுக்கு நல்ல நடிகன் என்று விருது கொடுத்தார்கள். நான் அந்தக் காட்சியை ஒருமுறை பார்த்தேன். அறைகிற கை வெள்ளைக்காரன் கை, மைபூசிக் கறுப்பாக்கியிருந்தார்கள்.

ஆரணி சிறுபிள்ளையாக இருந்தபோது அவனுடைய பழைய காட்சிகளை எல்லாம் போட்டுப் போட்டுச் சிரிப்பாள். ஒருநாள் கேட்டாள், "சித்தப்பா உங்களைப் பாத்துத்தானே அந்த 'ஆ?' செய்யிறவர், என்னப்பா?"

"ஓம்" என்றேன்.

6

இப்போது அவனுக்கு ஐம்பத்திரண்டு. வயது போய்விட்டது, விழுந்தால் எலும்பு நோகிறது. தன் வாழ்க்கையையே ஒரு தனி நிகழ்ச்சியாக்கி ஊர் ஊராகப் போகிறான். லண்டனுக்கு வருகிறான் என்று தெரிந்ததும் ஆரணி மூன்று டிக்கெட் எடுத்துவிட்டாள். அதே கிழமை மெல்பனில் இருக்கிற மச்சாள் ஒருத்தி போன் எடுத்து, "உன்ர தம்பி பனை மட்டைக் கதையை மேடையில சொல்லுறான், சனம் சிரிச்சு அழுகுது" என்றாள். அன்றைக்கு ஷெட்டில் மூன்று பேருக்கு மிச்சக் காசைப் பிழையாகக் கொடுத்தேன்.

குகனுக்குப் போன் எடுத்தேன். கேஸ் விஷயத்தை அதுவரைக்கும் நான் அவனுக்குச் சொன்னதில்லை. அன்றைக்குச் சொன்னேன்.

"அப்ப என்ர காது உங்கட காதாப் போச்சோ?" என்றான்.

"ஆரணி வாறாள் குகன். அந்தப் பகுதியை மட்டும் லண்டனில விட்டிடு."

"அது இருபது நிமிசம் அண்ணை. அதை எடுத்தால் நிகழ்ச்சியில மிச்சமொண்டும் இல்லை."

"அவள் என்ர பிள்ளை. அவளுக்கு முன்னால நான் நிக்க ஏலாமப் போயிடும்."

"பாப்பம்" என்று போனை வைத்தான்.

மூன்றாவது வரிசையில் இருந்தோம். வதனியும் ஆரணியும் என் வலப் பக்கத்தில். இறைச்சித் தொழிற்சாலை வந்தது, கிளாஸ் வந்தது, மீன் வந்தது. அரங்கம் அதிர்ந்தது. பிறகு அவன் ஒரு பள்ளிக்கூட முற்றத்தைப் பற்றிச் சொல்லத் தொடங்கினான். இரண்டு பற்றரி. பார்சல் சோறு. மட்டை.

"அவர்கள் மட்டையை என் கையில் கொடுத்தார்கள்" என்றான் குகன். "அண்ணனை அடிக்கச் சொன்னார்கள்."

ஆங்கிலத்தில், அமைதியாக, என் கண்ணைப் பார்க்காமல் சொன்னான். கதையைத் திருப்பிவிட்டான். அண்ணன் விழுந்த விழுகைகளை எல்லாம் மேடையில் விழுந்து காட்டினான். சனம் சிரித்தது. பிறகு துவக்கு வந்தது, சிரிப்பு நின்றது. தான் அண்ணனை அடித்த அடிகளைத் தன் உடம்பிலேயே வாங்கிக் காட்டினான். பலகையில் அவன் முதுகு மோதிய சத்தம் மூன்றாவது வரிசையில் எங்கள் காலுக்குள் வந்தது. கடைசியில் எழும்பி மூச்சு வாங்கிக்கொண்டு, இத்தனை வருடம் தொலைக்காட்சியில் நீங்கள் பார்த்துச் சிரித்த காது என்னுடையதில்லை, அண்ணனுடையது, அவனிடம் திருடியது என்றான். ஆரணியின் நகம் என் கைக்குள் இறங்கியது.

வெளியே வந்ததும் குகன் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு அவளிடம் வந்தான். அப்போதுதான் அறைந்தாள். வலது கை, அவனுடைய இடது கன்னம், காதோடு சேர்த்து. அவன் விழுந்தான், சனம் கைதட்டியது, அதை முதலே எழுதிவிட்டேன்.

"You hit my appa" என்று குழறினாள். "அதை வைச்சு இவ்வளவு காலம் சிரிக்க வைச்சிருக்கிறீங்க."

குகன் நிலத்தில் இருந்தபடியே என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினான். "வேண்டாம் அண்ணை" என்றான், மெல்லிய குரலில். அவன் என்னைத் தப்பவிட்டுவிட்டான். நான் வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும். முன்னொரு தடவையும் அப்படித்தான் நின்றேன். இந்தத் தடவை முடியவில்லை.

"அடிச்சது நான் ஆரணி" என்றேன். "அடி வாங்கினது இவன். நான் எல்லாருக்கும் மாத்திச் சொன்னனான்."

அவள் என்னையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தாள். "அப்ப உங்கட காது?"

"கேக்கும்."

"கேக்குமெண்டு எனக்குத் தெரியும்" என்றாள். பிறகு ஆங்கிலத்துக்கு மாறினாள். மெஷின் அன்றைக்கே காட்டிக்கொடுத்துவிட்டதாம். காதில் பழுதில்லாமலே சிலருக்குக் கேளாமல் போவது உண்டாம். தாங்க முடியாத ஒன்று நடந்தால் மனம் அந்தப் பக்கத்தைப் பூட்டிவிடுமாம். அப்பாவுக்கு அவ்வளவு பெரிய கொடுமை நடந்திருக்கிறது என்று நினைத்து, இத்தனை வருடமும் தான் அதை ஒருவருக்கும் சொல்லவில்லை என்றாள். சொல்லிவிட்டுக் கோட்டை என் கையில் இருந்து பறித்தாள். குகனுக்குப் பக்கத்தில் குந்தியிருந்து, போன் லைட்டை அடித்து அவனுடைய காதுக்குள் பார்த்தாள். கனநேரம் பார்த்தாள். "Sorry சித்தப்பா" என்று அவன் தலையைத் தடவிவிட்டு, எங்களைத் திரும்பிப் பார்க்காமல் ஸ்டேஷன் பக்கம் நடந்தாள்.

7

வதனி காரில் பின் சீற்றில் போய் இருந்தாள். வீட்டுக்கு வந்ததும் இடியப்ப உரலை எடுத்து எறிந்தாள். நான் குனிந்தேன், சுவரில் பட்டுச் சாந்து கொட்டியது. இரண்டாவதாக அம்மிக் குழவி வந்தது. "இருபத்தெட்டு வருசமா ஒரு பக்கமாப் படுத்து என்ர தோள் பிடிச்சுப்போச்சு" என்றாள். அதன் பிறகுதான் அழுதாள். இப்போது மேல் அறையில் தனியாகப் படுக்கிறாள். சாப்பாடு மட்டும் வைக்கிறாள், அதையும் மேசையில் அடித்துத்தான் வைக்கிறாள்.

குகன் அடுத்த நாளே எடின்பரோவுக்குப் போய்விட்டான். ஆரணி மூன்று கிழமை வீட்டுக்கு வரவில்லை. போனுக்கும் பதில் இல்லை. இந்தக் குறிப்பை எழுதத் தொடங்கினேன் என்று அவளுக்குத் தகவல் அனுப்பினேன். போன ஞாயிறு மத்தியானம் வந்தாள். அவளுக்குத் தமிழ் வாசிக்க வராது. "நீங்களே வாசிங்க, எல்லாத்தையும்" என்று எனக்கு எதிரே கதிரையை இழுத்துப்போட்டு இருந்தாள். வாசித்தேன். விளங்காத சொல்லுக்குக் கையைத் தூக்குவாள், நான் ஆங்கிலத்தில் சொல்லுவேன். கருக்கு என்ற சொல்லுக்கு ஆங்கிலம் எனக்குத் தெரியவில்லை, என் உள்ளங்கையில் உள்ள தழும்பைக் காட்டினேன். வதனி குசினிக் கதவடியில் நின்றாள்.

மூன்றாவது பகுதி முடிந்ததும் நிறுத்தச் சொன்னாள். கிளினிக்கில் நோயாளிகளோடு கதைக்கிற குரலில் கேட்டாள்.

"முதுகு, தோள், கால் எண்டு எழுதியிருக்கிறீங்க. மட்டை காதில படேல்லை. நான் சித்தப்பாவின்ர காதைப் பாத்தனான் அப்பா. அது நான் அடிச்சதில வந்ததில்லை, விரிச்ச கையால அறைஞ்சால் வாற பழைய கிழிவு. யார் அறைஞ்சது?"

இந்தக் கேள்வியை அந்த வெள்ளைக்கார அம்மா கேட்கவில்லை. மாஸ்டர் கேட்கவில்லை. குகன் எந்த மேடையிலும் இதைச் சொன்னதில்லை. எல்லாவற்றையும் எழுதிவிட்டேன் என்று நினைத்த பிறகும் நான் இதை எழுதாமல்தான் விட்டிருந்தேன். அவளுக்கு வாயால் சொன்னதை இங்கே சேர்க்கிறேன்.

பெரியவன் போதும் என்று சொல்லி மட்டையை என் கையில் இருந்து வாங்கிக்கொண்டு போய்விட்டான். துவக்கும் அவனோடு போய்விட்டது. மற்றவர்கள் சைக்கிளைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். எங்களைக் கவனிக்க ஒருவரும் இல்லை. நான் தம்பியைத் தூக்கக் குனிந்தேன். அவன் முகமெல்லாம் மண். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தான், சிரித்தான்.

"அண்ணை, கை நோகுதோ?" என்று கேட்டான்.

அதற்குத்தான் அறைந்தேன்.